பேர் தப்பு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ராஜா இருந்தாராம். எந்த நூற்றாண்டில் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற ஒருத்தி இந்தக் கதையில் வருகிறாள்.

லிஃப்ட் மெக்கானிக். பை நிறைய ஸ்பானர். அதற்கு நடுவில், ஐரோப்பாவில் ஆறாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டுக்குள் நடந்ததைச் சொல்லும் ஏதாவது ஒரு சரித்திரப் புத்தகம். இசைத்தட்டுக் கடைக்காரர் அவளுக்கு வைத்திருந்த பேர் ‘நூற்றாண்டு’.

அன்று கடைக்காரர் போன் போட்டு இசைக்காரரை வரவழைத்திருந்தார். ஐம்பது வயது மனிதர். வார்த்தையே இல்லாமல் மெதுவாக நகரும் எலக்ட்ரானிக் இசை, வீட்டிலேயே கம்ப்யூட்டரில் செய்தது. ஆல்பத்தின் பேர் ‘இருண்ட காலம்’. கடையிலிருந்த அத்தனை உறையிலும் அதற்குக் கீழே யாரோ ‘பேர் தப்பு’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

யாரோ என்ன, நூற்றாண்டுதான். கையும் பசையுமாக நின்றாள்.

எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன், இனிமேல் ஆல்பமே போடப்போவதில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, இசைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நான் பெத்த பிள்ளைக்குப் பேரை மாத்த நீ யாரு?”

“பிள்ளை தங்கமான பிள்ளை சார். தினமும் கேக்கறேன். பேருதான் ஒத்துக்க மாட்டேங்குது.”

பிறகு சரித்திரம் ஆரம்பித்துவிட்டது. எழுதி வைத்தது எதுவும் கிடைக்காத நூற்றாண்டுகளுக்கு இருண்ட காலம் என்று சுலபமாகப் பேர் வைத்துவிட்டார்களாம். அப்போதும் ஜனங்கள் விதைத்தார்கள், பாடினார்கள், சண்டை போட்டார்கள். நமக்குத் தெரியவில்லை என்றால் இருட்டு நம் பக்கம்தானாம்.

கடைக்காரர் கொட்டாவியை மென்று விழுங்கினார்.

“இது உன் சரித்திரம் இல்லம்மா.” இசைக்காரரின் குரல் இறங்கிவிட்டது. “என் வீட்டுக்காரி போன பிறகு நான் கிடந்த ரெண்டு வருஷம்.”

“தெரியும் சார். உள்ளட்டையில பொடி எழுத்துல போட்டிருக்கீங்களே.”

அதற்குள் அவள் போன் அடித்தது. எங்கேயோ ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஒன்பது ட்ராக்கும் அந்த ரெண்டு வருஷத்துல பண்ணினதுன்னும் போட்டிருக்கு. அப்புறம் அது எப்படி சார் இருண்ட காலம்?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

இசைக்காரர் ஓர் உறையைத் திறந்து, தானே எழுதிய அந்தப் பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

எல்லாவற்றையும் கட்டிவிடவா என்று கேட்டார் கடைக்காரர்.

“இருக்கட்டும். வீட்ல இன்னும் இருபது கிடக்கு, நாளைக்குக் கொண்டு வரேன்,” என்று படியிறங்கினார் இசைக்காரர். “சீட்டை நானே ஒட்டிடறேன்.”