ஒட்டுப்பால் பொம்மை

உபதேசியார் பெர்னார்ட் அந்த வாரப் பத்திரிகையை வெறுங்கையால் தொடவில்லை. கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்து, வால்டர் வாத்தியாரின் மேசைமேல் செத்த எலியைப் போடுவதுபோல் போட்டார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இது நீங்க எழுதறதுதானே?"

வால்டர் மறுக்கவில்லை. புனைபெயரில் எழுதினால் மட்டும் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது? வாரா வாரம் வந்துகொண்டிருந்தது அவருடைய மாந்திரீகத் தொடர்கதை. அதில் ஒரு மந்திரவாதி. ரப்பர் மரத்தில் வழிந்து உறைந்த ஒட்டுப்பாலைத் திரட்டிப் பொம்மை செய்து, மந்திரம் சொல்லி, எதிரியின் வாசற்படியில் புதைப்பான். எதிரி ஊரை விட்டே ஓடிவிடுவான். போன வாரம் தோட்டத்துத் துரையையே கப்பலேற்றிவிட்டான். துரையைக் கண்டால் தொப்பியைக் கழற்றிக் கும்பிடுகிறவர்கள் எல்லாம் அதைக் கைதட்டிப் படித்தார்கள்.

பெர்னார்ட் பக்திமான். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊரான கரங்கானில் மளிகைக் கடை; ஞாயிற்றுக்கிழமை ஆனால் தோட்டத்துக் கோயிலில் உபதேசியார். பழைய ஃபாதர் காலத்தில் பூசையைத் தவிர மற்றதெல்லாம் இவர் ராஜ்ஜியம்தான். எழுபத்தேழில் வந்த இளம் ஃபாதர், 'சுருக்கமா முடிங்கண்ணே' என்று ஒரு நாள் மைக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போது இவருக்கு மிச்சமிருப்பது கல்யாண ஓலை வாசிப்பது ஒன்றுதான்.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இப்போது மிரட்ட வந்திருந்தார்.

வால்டரின் தங்கை ஜேனுக்குக் கூலிமில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். வருகிற ஞாயிறு முதல் ஓலை. அது தவறினால் தவக்காலம் குறுக்கே வந்துவிடும். கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம்தான். மாப்பிள்ளையின் அம்மா அதுவரை பொறுக்கிற ரகமில்லை. கையில் வேறு இரண்டு ஜாதகம், இல்லை, இரண்டு ஞானஸ்நான சர்டிபிகேட் வைத்திருப்பதாகக் கேள்வி.

"மந்திரவாதிக்குக் கதை எழுதறவன் வீட்டுக்கு நான் எந்த வாயால ஓலை வாசிக்கறது?"

வால்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜேனைக் காப்பி போடச் சொன்னார். சும்மா கதைதானே அண்ணே, என்று இழுத்தார். பெர்னார்ட் விடவில்லை. இது ஆத்துமாவைக் கெடுக்கும் விஷம் என்றார். சாத்தான் நேரே வரமாட்டான், தொடர்கதையாகத்தான் வருவான் என்றார். இதைப் படித்துவிட்டு பரஞ்சோதி என்கிற வெட்டிப்பயல் தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டு வேலியில் எலுமிச்சம்பழம் வைத்ததையும் சொன்னார். கிராணி அந்தப் பழத்தைப் பிழிந்து சர்பத் குடித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. ஒரு வாரம்கூட விடாமல் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர் என்பதால், ஒவ்வொரு வரியும் எவ்வளவு பாவம் என்று அவரால் எடுத்துக்காட்ட முடிந்தது.

"அதுலயும் ஒட்டுப்பால். கர்மம், அந்த நாத்தம் நாலு நாளைக்கு சவுக்காரம் போட்டாலும் கைய விட்டுப் போகாது."

பாலெடுக்க ஒரு மரம்கூட வெட்டியறியாத கடைக்காரர் அந்த நாற்றத்தைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசினார்.

ஜேன் காப்பியை வைத்துவிட்டு அடுப்படிக் கதவோரம் நின்றாள். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் கூடி வந்து கலைந்தவள். அவள் முகத்தைப் பார்த்ததும் வால்டருக்கு எழுத்தாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது.

"நிறுத்திடறேன் அண்ணே. அடுத்த வாரமே மந்திரவாதியக் கொன்னுடறேன். ஓலைய மட்டும் வாசிச்சிடுங்க லா."

நிறுத்தினால் மட்டும் போதாதாம். அந்த வித்தையை எந்த மலாய்ப் போமோவிடம் படித்தார், எந்தச் சியாம்காரனிடம் படித்தார் என்று பைபிளில் கை வைத்து உண்மையைச் சொல்ல வேண்டுமாம். உண்மை தெரியாமல் பாவத்தை எப்படிக் கழுவுவது என்று கேட்டார் பெர்னார்ட்.

வால்டர் பைபிளை எடுத்துவந்து கை வைத்தார். போமோவும் இல்லை, சியாம்காரனும் இல்லை என்றார். பள்ளி இடைவேளையில் மீ கோரேங் தின்றுகொண்டே தோன்றியதை எழுதியது. அந்த மந்திரம்கூடப் பிள்ளைகளின் ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிப் பார்த்து இட்டுக்கட்டியது.

"வாய்ப்பாடா?" என்றார் பெர்னார்ட்.

"சத்தியமா அண்ணே. எல்லாமே புளுகு."

ஜெயித்த மனிதருக்கு முகம் மலர்ந்திருக்க வேண்டும். இவர் முகம் தொங்கிவிட்டது. தான் சொன்னது போதவில்லையோ, ஓலை போச்சோ என்று வால்டர் பதறிப்போய், ஃபாதரிடமே வந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார்.

"ஃபாதர்கிட்ட ஒண்ணும் போக வேணாம்" என்றார் பெர்னார்ட் அவசரமாக. ஓலைக்கு ஒன்றும் குறைவில்லை, ஞாயிற்றுக்கிழமை கணீரென்று வாசித்துவிடுவதாகச் சொன்னார். ஜேன் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை வாத்தியாருக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டு, பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில் மெல்லக் கேட்டார்.

"அப்ப ஃபாதருக்கு மாத்தல் வராதா, வாத்தியாரே?"