மாப்பிள்ளை போட்ட மிளகாய்

"டாக்டர், இதுல மிளகாயை அள்ளிக் கொட்டியிருக்காரா இல்லையா, நீங்களே சொல்லுங்க!"

மாமியார் டிபன் டப்பாவை மேஜைமேல் ஓங்கி வைத்தார். கேன்டீன் சமையல்காரரான மாப்பிள்ளை பக்கத்தில் கைகட்டி நின்றார். இன்று தீர்ப்பு எதிராக வந்தால் வீட்டு அடுப்பை இனி தொடக்கூடாது என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்.

"ரெண்டு வாய் வெச்சா நாக்கு பத்தி எரியுது. மூணாவது வாய்க்கு வயிறு ரொம்பிடுது. உடம்பு ஓய்ஞ்சே போச்சு. வீட்டு ஆளே எனக்கு வேட்டு வைக்கிறார், டாக்டர்!"

"அபாண்டமா பேசாதீங்க அத்தை."

"நீங்க வாயைத் திறக்காதீங்க மாப்பிள்ளை!"

டாக்டர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். சந்தேகத்துக்கு இன்னொரு கரண்டியும் போட்டார்.

"காரமே இல்லையே! என்ன இது?"

"குழந்தைக்கு மசிச்ச உருளைக்கிழங்கு சார்," என்றார் மாப்பிள்ளை. "கொஞ்சம் மஞ்சள் தூவி, ஒரு வாரமா அத்தைக்கும் இதைத்தான் வைக்கிறேன். பல்லு முளைக்காத என் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சாப்பிடுறா."

டாக்டர் மாமியாரை நாக்கை நீட்டச் சொன்னார். அது வழவழவென்று சிவந்திருந்தது. உடனே ரத்தப் பரிசோதனைக்கும் எண்டோஸ்கோபிக்கும் எழுதிக் கொடுத்தார்.

முடிவைக் கேட்க மாப்பிள்ளையின் மனைவியும் கூட வந்தாள்.

"வயித்துல அழற்சி. நல்லவேளை, ஆரம்பத்திலேயே பிடிச்சிட்டோம். வைட்டமின் பி12 உடம்புல சேராததால நாக்கு எரிஞ்சிருக்கு, ஊசி போட்டா அடங்கும். உங்களைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, எதிரின்னு நினைச்சு உங்க வயித்தைத் தாக்குது."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாமியார் வெற்றியோடு மகள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? வீட்டு ஆளுதான்னு நான் அப்பவே சொன்னேன்!"