நேரில் அளந்த உயரம்

காணாமல் போனவர்களின் விவரங்களைக் கணினியில் திருத்துவது சகாயராஜின் வேலை. ஒவ்வோர் ஆனியிலும் அன்னத்தாய் வந்துவிடுவாள். மேசைக்கு எதிரே நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றில் ஓரிடத்தில் நிறுத்துவாள்.

“பவுனு இப்ப இம்புட்டு இருப்பா சார். மாத்திப் போடுங்க.”

ஆறு வயதில் சந்தைக் கூட்டத்தில் கைநழுவிப் போன மகள்.

அவனும் மாற்றித்தான் பார்ப்பான். படிவம் விடாது. உயரத்தைத் தொட்டதுமே ‘ஆளை நேரில் அளந்தீர்களா?’ என்ற கட்டம் சிவந்துவிடும். அதில் குறியிடாமல் சேமிக்கப் போனால், பழைய நூற்றுப்பத்து சென்டிமீட்டரே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“பதினோரு வருசமா அதே உயரத்துல தேடுனா எப்படி சார் கெடைப்பா?”

இந்த முறை அந்தக் கை அன்னத்தாயின் காது உயரத்தையும் தாண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம்; அறையில் வேறு யாருமில்லை. சகாயராஜ் இழுப்பறையிலிருந்து துணி அளவுநாடாவை எடுத்தான். ஒரு நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு, மறு நுனியை அவள் கையை நோக்கி உயர்த்தினான். நாடா நேராக ஏறவில்லை. இடுப்பளவில் லேசாக வளைந்து, தோளளவில் எதன்மீதோ சாய்ந்து மேலே போயிற்று. உள்ளங்கைக்கு அடியில் வைத்து அழுத்தப் போனான்.

“பாத்து சார், தலைல பூ நசுங்கிரும்.”

விரலைத் தளர்த்தி அளவைப் படித்தான். நூற்று நாற்பத்தெட்டு. சிவப்புக் கட்டத்தில் குறியிட்டான். படிவம் கடைசியாக ஒன்று கேட்டது: ‘அளக்கும்போது அறையில் இருந்தவர்கள் எத்தனை பேர்?’

சகாயராஜ் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மூன்று என்று அடித்தான்.