சூப் காட்சி

பாலம் இரண்டாக உடைந்து, பேருந்து ஒன்று ஆற்றில் விழுந்தது. லோரெட்டா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் இருட்டில் தெரிந்த தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாயகன் பறந்து வந்து பேருந்தைத் தூக்கினான். அரங்கம் கைதட்டியது. அவள் மட்டும் தட்டவில்லை.

படத்தைத் தொகுத்தவள் அவள். வெளியீட்டுக்கு முன் பொதுமக்களுக்குப் போட்டுக்காட்டி நாடி பிடித்துப் பார்க்க, ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்க்கில் ஒரு திரையரங்கில் அன்று மதியக் காட்சி. பக்கத்து இருக்கையில் படத்தைத் தயாரித்த ஸ்டுடியோவின் ஆள் வார்விக்.

"அடுத்தது உன் சூப்தானே?" என்று கிசுகிசுத்தான்.

"பேசாம படத்தைப் பாரு."

"ஊரே பத்தி எரியுது, இவன் உக்காந்து சூப் குடிக்கிறான். சனங்க கொட்டாவி விட்டே செத்துடுவாங்க."

காலையில் தொகுப்பறையில் நடந்த சண்டையின் மிச்சம் அது. "அடிதடியாவே ஓடிட்டிருந்தா, யாருக்காக அடிச்சுக்கறான்னே தெரியாது!" என்று லோரெட்டா கத்தியிருந்தாள். அந்த வேகத்தில் வாயையும் விட்டிருந்தாள். "ஒரே ஒருத்தர் அந்த சூப் சீன்ல எழுந்து போகட்டும், நானே அதை வெட்டிடறேன்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது," என்று வார்விக் உடனே கை நீட்டியிருந்தான்.

திரையில் வெடிச்சத்தம் நின்றது. காயத்தோடு நாயகன் அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டினான். பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத அப்பா. அவர் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டு, அடுப்பில் சூப்பைச் சூடாக்கினார். வசனம் இல்லை, இசை இல்லை. பாத்திரத்தில் கரண்டி உரசும் ஓசை மட்டும்.

யாரோ இருமினார்கள். காகிதக் கோப்பையில் ஐஸ் கட்டிகள் கடகடத்தன. ஓர் இருக்கை கிறீச்சிட்டது. லோரெட்டாவின் கால் தானாக ஆட ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை. தான் தொகுத்ததைவிடக் காட்சி நீண்டுகொண்டே போவதுபோல் இருந்தது. 'குடிச்சுத் தொலையேண்டா' என்று நாயகனை மனதுக்குள் திட்டினாள்.

நடுவரிசையில் தாடிக்காரர் ஒருவர் எழுந்தார். இருக்கையில் போட்டிருந்த ஜாக்கெட்டைக்கூட எடுக்கவில்லை. யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியேறினார்.

"ஜாக்கெட்டையே விட்டுட்டு ஓடறான் பாரு. அவ்வளவு அறுவை!" வார்விக் அவள் தோளைத் தட்டினான்.

"பாத்ரூமுக்கா இருக்கும்."

"வா, அவன்கிட்டயே கேட்டுடலாம்."

இருவரும் வெளிக்கூடத்துக்கு வந்தார்கள். படத்தை யாரும் திருட்டுத்தனமாகப் பிடித்துவிடக் கூடாதென்று, வந்தவர்களின் போன்களை வாசல் மேசையில் வாங்கி வைத்திருந்தார்கள். தாடிக்காரர் அவசரப்படுத்தித் தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.

"போனையும் வாங்கிட்டான். இனிமே எங்க திரும்பி வரப்போறான்?" வார்விக் சிரித்தான்.

எந்த இடத்தில் கத்தரித்து எந்த இடத்தில் ஒட்டினால் தடம் தெரியாது என்று லோரெட்டாவின் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பாலத்திலிருந்து நேராக விமான நிலையச் சண்டைக்குத் தாவிவிடலாம். அப்பா இருந்ததாகவே யாருக்கும் தெரியப்போவதில்லை.

தாடிக்காரர் கண்ணாடிச் சுவரோரம் போய், போனைக் காதில் வைத்தபடி முதுகைக் காட்டி நின்றார்.

"சார், நாங்க இந்தப் படத்தோட ஆளுங்க," வார்விக் நெருங்கினான். "மறைக்காம சொல்லுங்க, அந்த சூப் சீனைத் தாங்க முடியலதானே?"

அவர் திரும்பவில்லை. 'பொறுங்கள்' என்பதுபோல் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். மறுமுனையில் யாரோ எடுத்திருக்க வேண்டும்.

"அப்பா, போனை வெச்சிடாதீங்க... நான்தான்."