பேசாதவரின் சாட்சி

நீதிமன்ற ஜன்னல் வெயில், சாட்சிக் கூண்டில் இருக்கும் ஊர்த்தலைவர் துயிலாங்கியின் வெறுங்காலில் விழுகிறது. எங்கள் தீவுக்கு அரசியலமைப்புச் சட்டம் எழுதிய சபையில் இன்று உயிரோடிருப்பவர் இந்தக் கிழவர் ஒருவர்தான். ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு விரட்ட ஊர்க்கூட்டத்துக்கு உரிமை உண்டா, எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்கள் என்பது வழக்கு. விரட்டப்பட்டவர்கள் மூட்டைகளோடு கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். “யாரையும் விரட்டக் கூடாதுன்னுதான் கை தூக்கினேன்” என்கிறார் கிழவர். ஊர்க்கூட்டத்தின் வக்கீல் பெனிதிதோ சபை விவாதத் தொகுப்பைத் தட்டுகிறான், தூசி பறக்கிறது. “இதுல நீங்க பேசினதா ஒரு வரிகூட இல்லையே, பெரியவரே. அன்னைக்கு வாயில என்ன, சேப்பங்கிழங்கா?” கூடம் சிரிக்கிறது. “நம்ம வழக்கப்படி தலைவன் சபையில வாய் திறக்க மாட்டான், அவனோட பேச்சாளன்தான் பேசுவான். எனக்காகப் பேசினவன் லெவாலு.” “பேசியிருக்காரே! விரட்டுறது ஊரோட உரிமைன்னு பேசியிருக்கார்.” “நான் அப்படிப் பேசச் சொல்லல!” “அப்ப எழுந்து மறுத்தீங்களா?” தன் பேச்சாளனைச் சபையில் மறுப்பது தலைவனுக்கு எவ்வளவு பெரிய இழுக்கு என்று பெனிதிதோவுக்குத் தெரியாதா? அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். தெரிந்துதான் கேட்கிறான், பாவி. “பதில் சொல்லுங்க” என்கிறார் நீதிபதி. பழக்க தோஷத்தில் கிழவரின் முகம் இடப்பக்கம் திரும்புகிறது, செத்துப்போன லெவாலு சபையில் எப்போதும் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு. அங்கே ஒரு போலீஸ்காரர் தொப்பியால் விசிறிக்கொண்டிருக்கிறார். “பதில் இல்லை” என்று நீதிபதி எழுதிக்கொள்கிறார். கடைசி பெஞ்சில் விரட்டப்பட்ட குடும்பத்துப் பெண் குனிந்து மூட்டையின் முடிச்சை இறுக்குகிறாள்.