வெள்ளைப் பன்னீர்

கூடலூர் மாயக்கண்ணனின் திராட்சைப் பந்தலில் ஒரு கொடி மட்டும் வெளிர்மஞ்சளாகக் காய்த்தது. ரகம் பதியாத பழத்தை விற்க முடியாது என்பதால் பரிசோதகர் எழில்வேணியை அழைத்தார். அவள் தின்றுபார்த்தாள், ருசி வேறாக இருந்தது. இலையின் வெட்டுகளும் ஆழமாக இருந்தன. அவள் கொண்டுவந்த கருவியோ, மரபணு அடையாளங்கள் எல்லாம் பன்னீர் ரகம்தான் என்றது.

"பன்னீருன்னா கறுப்புல்ல தாயி?"

"கருவி சொல்றதத்தான் பதிய முடியும்ணே."

மறு வருடம் வந்த புதுக் கருவி, ஒரே ரகத்துக்குள் நேரும் நுண்ணிய மாற்றங்களையும் பிரித்துக் காட்டியது. எழில்வேணிக்கு உடனே அந்தக் கொடி நினைவுக்கு வந்தது. அன்றே கூடலூருக்குப் போனாள். பந்தல் முழுக்கக் கறுப்புக் குலைகளே தொங்கின.

"வெட்டிட்டேன் தாயி. பன்னீர்னு பதிஞ்சிருக்கு, பழம் வெளுத்திருக்கு, இது பழுக்காத காயின்னு மண்டியில தள்ளிட்டாங்க. நீங்க என்ன செய்வீங்க? கருவி சொன்னதச் சொன்னீங்க."

"தின்னப்பவே வேறன்னு எனக்குத் தெரிஞ்சுதுண்ணே."

மாயக்கண்ணன் மண்வெட்டியை எடுத்துவந்து, உயிருள்ள வேர் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று கொடி நின்ற இடத்தைத் தோண்டினார். அவளும் மண்டியிட்டு மண்ணைக் கையால் அள்ளினாள். அகப்பட்ட ஒரே வேர்த்துண்டு, விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது.