ஓசி

முதல் அடி விழுந்தபோது இவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நன்றாக வேண்டும் என்று நினைத்தான். இதைப் பார்க்கத்தான் சேலத்திலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வந்திருந்தான். கடைவாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். இவன் யாரென்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

அடி வாங்கியவன் கடைக்காரன் சோணைமுத்து. டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளை ரிப்பேர் பார்ப்பவன். அடித்தவன் செல்லூரில் கேம் சென்டர் வைத்திருக்கிறான். பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து விளையாடிவிட்டுப் போவார்கள். அவனுடைய பெட்டிகள் எல்லாம் ஒரே நாளில் செத்துவிட்டன. கூட வந்தவர்களுக்கும் அதே கதி. அத்தனை பேருக்கும் அதுதான் பிழைப்பு.

இரும்புக் குழாய் மறுபடி இறங்கியது. முழங்கையில் பட்டது. எலும்பு உடைந்த சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது.

பெட்டிகளைக் கொன்றது சோணைமுத்து இல்லை.

இவன்.

அந்த சாஃப்ட்வேர் இவன் எழுதியது. பெட்டிக்குள் போட்டுவிட்டால் போதும், உலகத்தில் இருக்கிற கேம் எல்லாம் காசில்லாமல் வந்து இறங்கும். திருட்டுதானே என்று கேட்டவர்களுக்கு இவனிடம் பதில் இருந்தது. கம்பெனிக்காரன் பழைய கேம்களை விற்பதையே நிறுத்திவிட்டான், காசு கொடுத்து வாங்கியவனுக்கே திரும்பக் கிடைப்பதில்லை, நான் பூட்டைத்தான் திறந்தேன், எடுத்துக்கொண்டது அவனவன் என்பான். நான் யாரிடமும் சல்லிக்காசு வாங்கியதில்லை என்றும் சேர்த்துக்கொள்வான். அதைச் சொல்லும்போது மட்டும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

பேர் போட்டுக்கொள்வதில்லை. திறந்தவுடன் முதல் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். இது இலவசம், இதற்கு நீ காசு கொடுத்திருந்தால் ஏமாந்துவிட்டாய் என்று.

மதுரையில் ஒருத்தன் அந்த வரியைத் தூக்கிவிட்டு விற்கிறான் என்று யாரோ இவனுக்கு எழுதினார்கள்.

இவனே அடுத்தவன் சரக்கை ஊருக்கெல்லாம் வாரி இறைத்தவன்தான். தன் சரக்கில் ஒருத்தன் கை வைத்ததும் வயிறு எரிந்துவிட்டது. அடுத்த அப்டேட்டில் பொறி வைத்தான். அந்த வரி எழுத்துக்கு எழுத்து அப்படியே இல்லையென்றால் பெட்டி செத்துவிடும். பிறகு எழாது. எழுப்ப இவனாலும் முடியாது.

சோணைமுத்து வழக்கம்போல அந்த வரியில் கை வைத்துத்தான் எல்லாருக்கும் அப்டேட் போட்டுக் கொடுத்தான்.

குழாய் இந்த முறை வாயில் விழுந்தது. அவன் ஷோகேஸ்மேல் சரிந்தான். கண்ணாடி நொறுங்கிக் கன்னத்தில் இறங்கியது. வயர்களுக்கு நடுவே கிடந்தவனை இரண்டு பேர் மிதித்தார்கள். ரத்தத்தில் செருப்பு வழுக்குகிறது என்று ஒருத்தன் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மிதித்தான்.

வாங்கு, நல்லா வாங்கு என்று இவன் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான்.

அப்போதுதான் சுவர் டிவியைப் பார்த்தான். கடையில் ஒரே ஒரு பெட்டி இன்னும் உயிரோடு இருந்தது. அப்டேட் போடாதது. திரையில் அந்த முதல் பக்கம்.

வரி இருந்தது.

தமிழில் இருந்தது.

‘இது ஓசி. இதற்கு எவன் காசு கேட்டாலும் கொடுக்காதே. நான் வாங்குவது மாட்டிக் கொடுக்கிற கூலி மட்டும்தான். இதை எழுதியவர் பெரிய மனுஷன்.’

இங்கிலீஷ் தெரியாத பையன்களுக்காக மாற்றியிருக்கிறான். தூக்கவில்லை. மாற்றித்தான் வைத்திருக்கிறான்.

பொறிக்குத் தமிழ் தெரியாது.



எழுதினவன் எவன், எங்கே இருக்கிறான் என்று கேட்டுக் கேட்டு மிதித்தார்கள். தெரியாது என்றான் சோணைமுத்து. பேர் தெரியாதவனை நம்பியா எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டாய் என்று விலாவில் ஒன்று இறங்கியது. அவருக்குச் சேதி போட்டிருக்கிறேன், நல்ல மனுஷன், கட்டாயம் சரிசெய்து கொடுப்பார் என்று அவன் சொல்லப் பார்த்தான். ரத்தமும் எச்சிலுமாகப் பாதிதான் வெளியே வந்தது.

சேதி வந்திருந்தது. நேற்றே வந்திருந்தது, பெட்டி போனவர்கள் எல்லாரும் நாளைக்குக் கடைக்கு வருகிறார்கள் என்று, கடை விலாசத்தோடு. அதைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் இவன் பஸ் ஏறினான்.

செல்லூர்க்காரனுக்கு மூச்சு வாங்கியது. திரும்பினான். வாசலில் நின்ற இவன்மேல் கண் போனது. உனக்கு எத்தனை பெட்டி போச்சு என்று கேட்டான்.

இவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாவம், நிறையப் போயிருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, குழாயை இவன் கையில் திணித்தான். மற்றவர்கள் விலகி வழி விட்டார்கள்.

குழாய் பிசுபிசுத்தது. ஓரமாக வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். ஷேர் ஆட்டோ பிடித்தால் பஸ் ஸ்டாண்டு. ஒருத்தனும் தேடி வரப்போவதில்லை.  அங்கிருந்து ஓடிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் இவனுக்குத் தோன்றவில்லை.

கீழே கிடந்தவன் அடுத்த அடிக்குத் தலையை மறைக்கப் பார்த்தான். உடைந்த கையைத்தான் தூக்கினான். அது பாதியிலேயே தொங்கிவிட்டது.

இவன் குழாயைச் செல்லூர்க்காரனிடமே நீட்டினான்.

எழுதினது நான்தான் என்றான்.

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. சோணைமுத்துவுக்குப் புரிந்தது. வீங்காத கண்ணைத் திறந்து இவனை அண்ணாந்து பார்த்தான். அந்த வாயை வைத்துக்கொண்டு சிரித்தான்.

“சொன்னேன்ல. சரிபண்ண அவரே வந்துட்டாரு பாருங்க.”